பதினான்கு கிலோ நல்லெண்ணம்

வியாழக்கிழமை பின்னேரம், படகைச் சின்னப் பட்டா லொறியிலிருந்து இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. மூன்று கிழமைக்கு முன் அதே படகைத் தூக்கி ஏற்றியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி பிரஷாந்தி. அவளுடைய நிறை நாற்பத்தெட்டுக் கிலோ. ஏதோ பிசகிவிட்டது என்று அந்த இடத்திலேயே அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். படகு திரும்பி வந்த சந்தோசத்தில் அவள் கவனிக்கவில்லை.

முன் ஆசனத்திலிருந்து றவூப் இறங்கினார். வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பைபர் படகு கட்டுகிறவர். உடைந்த படகுகளை ஒட்டிக் கொடுப்பதும் அவர்தான். எல்லாருக்கும் அவர் காக்கா, மூத்த அண்ணன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து படகின் அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். முன்பு தட்டினால் வெறும் தகரப் பேணி மாதிரி ஒலித்த படகு, இப்போது சுவரைத் தட்டியது போல் தொம்மென்றது.

“டீச்சர், இனி இதில யானை ஏறி மிதிச்சாலும் ஒண்டும் ஆகாது.”

“யானை ஏறப் போறல்ல காக்கா. நான்தான் ஏறப் போறன்.”

“அதுக்குத்தான் சொல்றன்,” என்றார் றவூப். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. கூலியில் பாதியைத்தான் வாங்கினார். பொம்புளப் புள்ள தனியா ஓடுற தோணி, நம்மட பங்காகவும் ஏதாவது இரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி கூடக் குடிக்காமல் அதே லொறியில் ஏறிப் போய்விட்டார்.

பிரஷாந்தி தன்னாமுனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. வயது முப்பத்தெட்டு. அதில் பதினைந்து வருடம் மைதானத்தின் ஓரத்தில் விசில் ஊதிக்கொண்டு போயிருக்கிறது. பிறர் பிள்ளைகள் ஓடுவார்கள், பாய்வார்கள், மெடல் வாங்குவார்கள். அவள் வெயிலில் நின்று நேரம் எடுப்பாள், காலுறை தேடுவாள், தண்ணீர்ப் போத்தல் எண்ணுவாள். அதிலே அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், அந்தப் படகு வரும் வரை.

அனுப்பியது நெய்தல் பாய்ப்படகுச் சங்கம். மட்டக்களப்புக் களப்பு என்கிற கடலேரியிலும் பந்தயப் பாய்ப்படகு ஓடட்டும் என்று, லேசர் வகைப் படகு ஒன்றை இரவலாகக் கொடுத்தார்கள். வந்த அன்று அதைப் பார்க்க ஊரே வந்தது. பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. லொறிக்காரன் பசிக்குது என்றான். பிரஷாந்தி கையெழுத்துப் போட்டாள். அன்று முதல் படகு அவளுடைய தலையில்.

தலையில் என்று சொன்னாலும் அது பெரிய சாமான் இல்லை. நாலு மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளம். ஒருவர் மட்டும் ஏறலாம். ஒரே ஒரு பாய். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கக் கம்பியோ கயிறோ கிடையாது. படகில் உள்ள குழிக்குள் கொடிக்கம்பத்தைப் போல நட்டுவிட வேண்டியதுதான். மேல்தட்டு தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரம். படகு உடம்பின் நிறை ஐம்பத்தொன்பது கிலோ. அந்தக் கணக்கில்தான் அதன் உயிர் முழுவதும் இருக்கிறது. அவ்வளவு இலேசான படகில் பெரிய பாரம் ஓட்டுகிறவர்தான். காற்று வலப்பக்கம் சாய்த்தால் அவர் இடப்பக்க விளிம்பில் குந்தி, பாதத்தைக் கால்பட்டிக்குள் கொழுவி, முதுகு தண்ணீரைத் தொடுமளவு வெளியே சாய வேண்டும். சாய்ந்தால் படகு நிமிரும். நிமிர்ந்தால் ஓடும். காற்று நன்றாக விழுகிற ஒரு கணத்தில் அது தண்ணீரைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு, தண்ணீரின் மேலேறிச் சறுக்கத் தொடங்கும். அந்த முதல் சறுக்கலில் பிரஷாந்தி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு பிடித்திருந்த கயிற்றை விட்டு வலது கையைச் சொறிந்தாள். கவிழ்ந்தாள்.

கவிழ்வது பெரிய காரியமே இல்லை. நிமிர்த்துவதுதான் வேலை. களப்பு அவ்விடத்தில் ஆழமில்லாததால் கவிழ்ந்தவுடன் பாய்மரத்தின் நுனி சேற்றில் போய்க் குத்திக்கொள்ளும். அவள் நீந்திக்கொண்டே அதோடு மல்லுக்கட்டுவாள். பக்கத்தில் நண்டு வலை இழுக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுதாபத்தோடு சொல்வார்கள்:

“டீச்சர், எழும்பி நில்லுங்க. இடுப்பளவு தண்ணிதான்.”

ஒரு வருடம் இப்படிப் போனது. சங்கத்தின் நிபந்தனை ஒன்றே ஒன்று: வருடத்துக்குள் சங்கம் நடத்தும் மூன்று போட்டிகளில் ஏதாவது ஒன்றிலாவது இந்தப் படகு ஓட்டத்தை முறைப்படி முடித்திருக்க வேண்டும். முடிக்காவிட்டால் படகு திருகோணமலைக்குப் போய்விடும். அங்கே ஓட்ட ஆள் இருக்கிறது. முதல் போட்டியில் காற்றே இல்லை. எல்லாருமாக நடுக்களப்பில் ஒன்றரை மணித்தியாலம் வெயில் காய்ந்துவிட்டு வந்தார்கள். இரண்டாவதில், யாரோ மீன் பிடிக்க நட்டுக் கைவிட்ட மீன்கட்டின் கம்பு தண்ணீருக்குள் ஒளிந்திருந்து படகின் அடியைக் கிழித்தது. மூன்றாவது இந்த ஞாயிறு. அதனால்தான் படகு வாழைச்சேனைக்குப் போனது.

இப்போது வெள்ளிக்கிழமை காலை. பள்ளிக்கூட வளவில் வெயிலில் கிடந்த படகிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. பிரஷாந்தி கிட்டப் போய்ப் பார்த்தாள். மேல்தட்டு நடுவில் பொம்மிக்கொண்டு, பொரித்த அப்பளத்தைப் போல நின்றது. இந்தப் படகின் உடம்பு உள்ளே வெறும் காற்று. வெயிலில் அந்தக் காற்று விரிந்தால் வெளியேறுவதற்கு, ஊசி நுழையுமளவுக்கு ஒரு துவாரம் வைத்திருப்பார்கள். அவள் குனிந்து தேடினாள். துவாரம் இருந்த இடத்தில் பளபளவென்று பசை.

கைத்துளைப்பானை எடுத்து வந்து அதைத் திறந்தாள். படகு நீண்ட பெருமூச்சு விட்டது. அவள் விடவில்லை. மற்றதையும் தேடினாள். ஓட்டுகிறவர் இருக்கும் குழியில் அலைத்தண்ணீர் விழுந்தால், ஓட்ட வேகத்திலே அதுவாக உறிஞ்சி வெளியேறுவதற்கு அடியில் ஒரு துளையும் அதற்குச் சிறியதொரு உருக்கு மூடியும் உண்டு. துளையும் இல்லை, மூடியும் இல்லை. மழமழவென்று தரை.

அவள் போன் எடுத்தாள்.

“றவூப் காக்கா, அடியில ஒரு ஓட்டை இருந்ததே.”

“ஓம் டீச்சர், கண்டன். நல்ல வேளை. அதை ஆரு பார்க்காம விட்டது? அடைச்சிட்டன்.”

“அது தண்ணி போறதுக்கு வச்ச ஓட்டை.”

“தண்ணி போறத்துக்கா, வாறத்துக்கா?”

“போறதுக்கு.”

“டீச்சர், நான் முப்பது வருசமா தோணி கட்டுறன். தோணிக்கு அடியில ஓட்டை இரிந்தா தண்ணி போகாது. வரும்.”

“ஓடக்கொள்ள போகும் காக்கா. நிண்டாத்தான் வரும்.”

“பாத்தீங்களா,” என்றார் றவூப், வழக்கை வென்றவர் போல.

மேல்தட்டில் இருந்த சின்னத் துவாரத்தையும் அவர்தான் அடைத்திருந்தார். நடுவில் ஒரு நீண்ட வெட்டு இருந்தது. அதையும் மூடத்தான் யோசித்தாராம். பிறகு அதற்குள் இறக்குகிற நடுப்பலகையைக் கண்டதால் விட்டாராம். பிரஷாந்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அந்த உருக்கு மூடி எங்கே என்று கேட்டாள். நல்ல சாமான், வீணாக்கக் கூடாதென்று ஓட்டமாவடி ஆள் ஒருவரின் ஐஸ் பெட்டிக்குப் போட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மூடி இல்லாமல் துளை போட்டால் நிற்கும் போதெல்லாம் தண்ணீர் ஏறும்; அதை அப்படியே விட வேண்டியதாயிற்று.

அவளுடைய கணவன் லக்ஷன் ஏறாவூரில் கணித ஆசிரியர். நீந்தத் தெரியாது; படகில் ஏறுவதும் இல்லை. ஆனால் எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார். அன்று பின்னேரம் பக்கத்து நெல்லுக் களஞ்சியத்துத் தராசை இரவல் வாங்கி, பாயும் மரமும் இல்லாமல் வெறும் படகை அதில் ஏற்றினார்.

“எழுபத்திமூண்டு.”

“திருப்பிப் பாருங்க.”

“திருப்பிப் பாத்தாலும் எழுபத்திமூண்டுதான். பதினாலு கிலோ கூட. மூண்டு பெரிய வத்தகப்பழத்தைக் கட்டிக்கிட்டு ஓடுற மாதிரி.” அவர் சற்று யோசித்தார். “நிறை கூடினா குற்றமில்லையே? சட்டத்தில குறையத்தானே கூடாது?”

“குற்றமில்ல. ஆனா ஓடாது.”

அவள் மறுபடியும் வாழைச்சேனைக்குப் போன் போட்டாள். இந்த முறை குரல் உயர்ந்துவிட்டது. கீறல் ஒரு சாண் நீளம்தானே, அந்த ஒரு சாணை ஒட்டச் சொன்னேன், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

“ஒரு சாணை மட்டும் ஒட்டினா அது ஒட்டுப்போட்ட சாரன் மாதிரி டீச்சர். அடி முழுக்க மூணு படை பைபர் மெட் விரிச்சி றெசின் பசை அடிச்சிரிக்கன். மறுகா நடுவால ஒரு பலகைச் சட்டம். ஒரு சதம் கூடக் கேக்கல்ல தானே?”

“காக்கா, இது இலேசா இருக்கத்தான் கட்டினது.”

“அதைத்தான் நானும் கண்டன். ஆரோ உங்கள நல்லா ஏமாத்தியிரிக்கான். விரல் மொத்தம் கூட இல்ல.”

இங்கேதான் பிரஷாந்திக்கு அவருடைய உலகம் பிடிபட்டது. பிடிபட்டதால் கோபம் குறையவில்லை. கோபப்படுவது கஷ்டமானதுதான் மிச்சம். றவூப்பின் தொழிலில் இலேசான தோணி என்றால் களவெடுத்த தோணி. கட்டுகிறவன் றெசினில் மிச்சம் பிடித்திருக்கிறான் என்று அர்த்தம். அப்படிக் கட்டின தோணியொன்று வாகரைக்கு நேரே பிளந்து, அவருடைய மச்சான் இரண்டு நாள் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தவர். அதற்குப் பிறகு றவூப் கையால் போகிற எதுவும் மெல்லியதாகப் போனதில்லை.

“நீங்களும் மெலிவு, தோணியும் மெலிவு,” என்றார். “ரெண்டும் மெலிவா இரிந்தா கச்சான் காத்து தூக்கிட்டுப் போயிரும் டீச்சர். ஒண்டாவது பாரமா இரிக்கட்டும்.”

“ஞாயிற்றுக்கிழமை நான் முடிக்காட்டி இந்தத் தோணி திருகோணமலைக்குப் போயிரும். தெரியுமா?”

“அப்படியா? அப்ப நானும் வாறன்,” என்றார் அவர். அதற்குத்தான் அவள் பயந்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கச்சான் எழும்பிவிட்டது. ஆடி மாதத்துக் கச்சான் ஒரே சீராக வீசாது. பத்து நிமிடம் சும்மா கிடந்துவிட்டு, களப்பின் மேல் கறுப்புத் திட்டாக ஓடிவந்து ஒரு அறை அறையும். ஆறு படகுகள். மூன்று மிதவைகளைச் சுற்றி இரண்டு வட்டம். கடைசி நீட்டு ஓட்டம் காற்றோடு சேர்ந்து கரையை நோக்கி. இறங்குதுறைக்கு முன்னால் முடிவுக் கோடு. முதல் படகு கோட்டைத் தாண்டி இருபத்தைந்து நிமிடத்துக்குள் மற்றவர்கள் தாண்ட வேண்டும். தாண்டாதவர் முடிக்காதவர்.

நடுவர் அருமைநாயகம், ஓய்வு பெற்ற தபாலதிபர். மடிக்கிற கதிரையில் குந்தி, கையில் ஒரு ஊதியும் மடியில் இரண்டு கடிகாரமும் வைத்திருந்தார். ஒரு கடிகாரத்தை நம்பி அவர் வாழ்நாளில் எதுவும் செய்ததில்லை.

ஓட்டத்துக்கு முன் எல்லாரும் படகை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்கள். திருகோணமலையிலிருந்து வந்த ஷிஹான், எண்பத்தைந்து கிலோ ஆள், நல்ல மனிதன், பிரஷாந்தியின் படகுக்குள் கிடந்த ஒன்றைக் காட்டிக் கேட்டான்:

“மிஸ், இது என்ன?”

“எண்ணெய்க் கான். பாதியில வெட்டினது.”

“எதுக்கு?”

“தண்ணி இறைக்க.”

அவன் சிரிக்கவில்லை. அதற்காக அவள் அவனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். பாயை ஏற்றிக்கொண்டு ஆறு பேரும் வெளியேறினார்கள்.

முதல் நீட்டு காற்றுக்கு எதிரே. பாய்ப்படகு எதுவும் காற்றை நேருக்கு நேர் ஏறாது. ஒரு பக்கம் சரிந்து கொஞ்சம், மறுபக்கம் திரும்பிக் கொஞ்சம் என்று படிப்படியாக ஏற வேண்டும். மற்ற ஐந்து படகுகளும் காற்று அறையும் போதெல்லாம் ஒரு துள்ளுத் துள்ளி முன்னே போயின. அந்தத் துள்ளலுக்காகத்தான் இந்தப் படகே. பிரஷாந்தியும் கால்பட்டியில் கொழுவி, தொடை நடுங்க வெளியே சாய்ந்தாள். பாய்க்கயிற்றை இளக்கினாள், இழுத்தாள். காற்று அறைந்தது. படகு துள்ளவில்லை. யோசித்தது. கேட்டதைத் திருப்பிக் கேட்டு, கண்ணாடியைத் தேடி, பிறகு கோவைக் கட்டை எடுக்கிற கந்தோர்க் கிளாக்கரைப் போல மெதுவாகப் புறப்பட்டது. அது புறப்படும் போது காற்று போய்விட்டிருந்தது.

அலை முன்மூக்கால் ஏறி அவள் மடிக்குள் விழுந்தது. விழுந்த தண்ணீர் அங்கேயே குடியிருந்தது. ஒரு கையில் சுக்கானின் நீட்டுக் கோல், மறு கையில் பாய்க்கயிறு. இறைப்பதற்கு மூன்றாவது கை வேண்டும். அவள் பாய்க்கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு இறைத்தாள். உலகத்தில் எங்கேயும் இந்தப் பந்தயத்தில் யாரும் தண்ணீர் இறைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வாயில் கயிறு இருந்ததால் சொல்ல நினைத்த ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை.

இரண்டாவது வட்டத்தை அவள் பாதியில் விட்டிருக்கலாம். தொடை மரத்துவிட்டது, உள்ளங்கை தோலுரிந்து உப்புத் தண்ணீரில் எரிந்தது. எதிரே ஐந்து பாய்கள் கைக்குட்டையளவுக்குச் சிறுத்துவிட்டன. ஆனால் விட்டால் திங்கட்கிழமை ஒரு லொறி வரும். மறுபடியும் விசிலும் தண்ணீர்ப் போத்தலும். அவள் விடவில்லை. அவள் கடைசி மிதவையைச் சுற்றும் போது, தூரத்தில் அருமைநாயகத்தின் ஊதி ஒலித்தது. ஷிஹான் முடித்துவிட்டான். இனி இருபத்தைந்து நிமிடம்.

கடைசி நீட்டு காற்றோடு. காற்று முதுகில் இருப்பது சுகமென்று தெரியாதவர்கள் நினைப்பார்கள். இந்தப் படகுக்கு அதுதான் கண்டம். பாய் முழுவதும் ஒரு பக்கம் விரிந்து நிற்கும். அதைச் சமன் செய்ய மறுபக்கம் ஒன்றும் கிடையாது. படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதை விடப் பெரிது. மூன்றாவது ஆட்டத்துக்குள் பாயைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, நடுப்பலகையை இறக்கிவிட வேண்டும். அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். இரண்டு தரம் அப்படிச் செய்து தப்பினாள். மூன்றாம் தரம், கோட்டுக்கு ஐம்பது மீற்றர் இருக்கையில், குழிக்குள் கிடந்த தண்ணீர் முழுவதும் ஒரே பக்கம் ஓடியது.

அவள் எழும்பி நின்றாள். இடுப்பளவு தண்ணி.

கரையில் நூறு பேர் இருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

“டீச்சர், தள்ளிக்கிட்டே வாங்க.”

“ஐம்பது யார் கூட இல்ல. நடந்தா ரெண்டு நிமிசம்.”

“சும்மா நடங்க டீச்சர். ஆரு கேக்கிற?”

அருமைநாயகம் கேட்பார். காற்றும் தண்ணீரும் தவிர வேறெதுவும் படகை முன்னே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். ஓட்டுகிறவர் மட்டும் தொட்டு நிமிர்த்தலாம், நடத்திக்கொண்டு போக முடியாது. முடிவுக் கோட்டு மிதவையின் நிறம் கூட அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நின்ற நிலையிலேயே ஒரு பந்தை எறிந்தால் அங்கே விழும்.

“பதினொரு நிமிசம் இரிக்கு,” என்று லக்ஷன் கத்தினார். அவர் கையிலும் ஒரு கடிகாரம்.

பாய்மரம் சேற்றில் குத்தியிருந்தது. அவள் மரத்தின் நுனிக்குப் போய்த் தோளைக் கொடுத்து அதைப் பிடுங்கினாள். பிறகு மரத்தைத் தலைக்கு மேல் ஏந்திக்கொண்டு, கை மாற்றி மாற்றி படகை நோக்கி நடந்தாள். பழைய படகென்றால் இந்நேரம் தானாகவே எழும்பியிருக்கும். இது பாதி எழும்பி மறுபடியும் படுத்தது. அவள் திரும்பவும் நுனிக்குப் போனாள்.

“ஒம்பது.”

அப்போதுதான் கரையில் ஒரு சலசலப்பு. சாரனைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு றவூப் தண்ணீரில் இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் நண்டு வலைக்காரர் இருவர். இந்தக் கரையில் அது எழுதாத வழக்கம்: ஒருவன் தோணியோடு கஷ்டப்பட்டால், தெரிந்தவனோ தெரியாதவனோ, கண்டவன் இறங்கி ஒரு கை போடுவான். கை போடாமல் பார்த்துக்கொண்டு நிற்பவனைப் பிறகு யாரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள்.

“நீங்க அங்கால நில்லுங்க டீச்சர். நான் ஒரு உந்து உந்துறன்.”

“வராதீங்க காக்கா.”

“கூச்சப்படாதீங்க.”

“காக்கா, தொட்டீங்க எண்டா எல்லாம் போச்சு. கைய எடுங்க.”

அவர் கை படகின் விளிம்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பதினைந்து வருடம் மைதானத்தைக் கடந்து கேட்ட குரல் அது. நாற்பத்தெட்டுக் கிலோவிலிருந்து வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. றவூப் அப்படியே நின்றார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். பின்னால் வந்த இருவரும், ஏனென்று தெரியாமலே, தூக்கினார்கள். மூன்று ஆம்பிளைகள் இடுப்பளவு தண்ணீரில் பொலிசில் பிடிபட்டவர்கள் போல நிற்க, அவள் மூன்றாம் தரம் மரத்தை ஏந்தி நடந்தாள்.

படகு எழும்பியது. குழி நிறையத் தண்ணீரோடு எழும்பியது.

“அஞ்சு நிமிசம்.”

அவள் ஏறிக் குந்தி இறைத்தாள். எண்ணெய்க் கானால் இருபது, முப்பது, நாற்பது தடவை. றவூப் கையைத் தூக்கியபடியே நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்தாவது தடவையில் அவர் மெல்லிய குரலில் கேட்டார்:

“இதுக்கா டீச்சர் அந்த ஓட்டை?”

அவள் அடுத்த தடவைக்குக் குனிந்தாள். பதில் சொல்ல நேரமில்லை. சொல்லியிருந்தால் அது ஆசிரியைக்குரிய பதிலாக இருந்திருக்காது.

“மூண்டு.”

பாதித் தண்ணீரோடு சுக்கானைப் பிடித்தாள். நடுப்பலகையை முழுதாக இறக்கினாள். பாயை விரித்துவிட ஆசையாக இருந்தது. விரித்தால் மறுபடியும் ஆட்டம். அரைவாசிக்கு இழுத்து அப்படியே பிடித்தாள். வேகம் போனால் போகட்டும். பின்னால் கறுப்புத் திட்டு ஒன்று ஓடிவந்து முதுகில் அறைந்தது. படகு யோசித்தது. புறப்பட்டது. எருமை சேற்றிலிருந்து எழும்பி வருவது போல, இடமோ வலமோ பார்க்காமல், ஐம்பது மீற்றரையும் ஒரே பிடியாக வந்தது. அவள் கயிற்றை இளக்கவேயில்லை. கோட்டைத் தாண்டினாள்.

ஊதி ஒலிக்கவில்லை.

அருமைநாயகம் இரண்டு கடிகாரத்தையும் பார்த்தார். ஒன்று நாற்பது விநாடி மிச்சம் என்றது, மற்றது முப்பத்தெட்டு என்றது. இரண்டும் மிச்சமென்று சொன்ன பிறகு ஊதினார். உடனே கதிரையிலிருந்து எழும்பித் தண்ணீரோரம் வந்தார்.

“ஒரு கேள்வி கிடக்கு. அந்த மனிசன் தோணியத் தொட்டவரோ?”

பிரஷாந்தி படகிலிருந்து இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சட்டத்தை நடுவர் பிடித்துவிட்டார். இனி ஒரு ஆளின் சொல்லில் படகு இருப்பதா போவதா என்று இருந்தது. ஷிஹானைக் கேட்டார்கள். அவன் இறங்குதுறையில் ஈர உடையோடு இருந்தான்.

“கை போனதைக் கண்டன் சேர். பட்டதா எண்டு இஞ்ச இரிந்து தெரியல்ல.”

அருமைநாயகம் றவூப்பைப் பார்த்தார். றவூப் இன்னும் தண்ணீரில்தான் நின்றார். கையை இறக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

“சேர், அந்தத் தோணியில என்ட கை படாத இடம் இல்ல,” என்றார். “அடியில பட்டிரிக்கி, மேல பட்டிரிக்கி, படக் கூடாத இடத்திலயும் பட்டிரிக்கி. இண்டைக்கு மட்டும் படல்ல. அல்லாட மேல சத்தியம்.”

அருமைநாயகம் அவருடைய முகத்தைத் தபால் முத்திரையைப் பார்ப்பது போலச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து ஆறாவது வரியில் எழுதினார். “முடித்தது.”

லக்ஷன் ஒரு துவாயை நீட்டினார். அவள் அதை வாங்கி முகத்தைத் துடைத்தாள். படகு இங்கேயே இருக்கும். இந்தப் படகு. எழுபத்திமூன்று கிலோ.

றவூப் சாரனைப் பிழிந்துகொண்டு பக்கத்தில் வந்தார்.

“டீச்சர், அந்த மூடிய நான் ஓட்டமாவடியில போய்க் கழட்டிக் கொண்டு வாறன்.”

“கொண்டு வாங்க. அந்த மூண்டு படையையும் உரிச்சி எடுக்கிற மெசினையும் கொண்டு வாங்க.”

“மூண்டையுமா?” அவர் முகம் வாடிவிட்டது. “ரெண்ட எடுப்பம். ஒண்டு கிடக்கட்டும்.”

“மூண்டையும். பலகைச் சட்டத்தையும்.”

“அரைப் படையாவது.”

“காக்கா.”

“சரி சரி. நீங்கதானே ஓட்டுற.” அவர் இன்னும் அரைவாசிதான் ஒத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரோரம் வட்டமாக நின்ற சனம் அவளையும் படகையும் மாறிமாறிப் பார்த்தது. இவ்வளவு நேரம் ஒருவரும் கை போடாமல் நின்றது அவர்களுக்குப் பெரிய வேதனையாக இருந்திருக்கிறது. நண்டு வலைக்காரரில் ஒருவர் கேட்டே விட்டார்:

“இனித் தொடலாமா டீச்சர்?”

“இனித் தொடலாம்,” என்றாள் பிரஷாந்தி.

சொல்லி வாய் மூடவில்லை. பன்னிரண்டு பேர் பாய்ந்து விளிம்பைப் பிடித்தார்கள். இலேசான படகைத் தூக்கித்தான் கரையேற்ற வேண்டும். உள்ளங்கையில் வைத்து, தரை படாமல். அதை அவள் சொல்லத் தொடங்கினாள். அதற்குள் அவர்கள் ஆழ்கடல் தோணியை ஏற்றுவது போல ஒரே குரலில் ஏலோ போட்டு, படகைச் சிப்பியும் சரளைக் கல்லும் கிடந்த கரை நெடுகக் கரகரவென்று இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அந்தச் சத்தம் அவளுடைய பல்லில் ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஒண்டுக்கும் பயப்படாதீங்க டீச்சர்,” என்று பக்கத்தில் றவூப்பின் குரல் கேட்டது. “அடியில மூணு படை இரிக்கி.”